தாடி முளைத்த அம்மணி: கெளுத்திக் குஞ்சில் ஆண், பெண் பார்த்த கதை

மூன்று வருடத்துக்கு முன்னால், கொளத்தூரில் ஒரு கடையில் இரண்டு பிரிஸில்நோஸ் குஞ்சுகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். "ஜோடியா வேணும்ணே" என்றேன். கடைக்காரர் தொட்டிக்குள் வலையை விட்டார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், திரும்பத் தண்ணீரிலேயே விட்டார். அடுத்ததை எடுத்தார். அதையும் பார்த்தார். இப்படி ஐந்தாறு மீன்களைப் பார்த்துவிட்டு இரண்டைப் பைக்குள் போட்டு, "இது ஆணு, இது பொண்ணு, ஆறு மாசத்துல குஞ்சு பாத்துருவீங்க" என்றார். நகைக்கடையில் தங்கத்தை உரசிப் பார்ப்பவர் மாதிரி இருந்தது. எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

மீன் வளர்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஊர்க் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர்' என்றும் விற்பார்களே, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும் மீன், அதே தென் அமெரிக்கக் கெளுத்திக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் பிரிஸில்நோஸும். சாதாரண சக்கர் ஒன்றரை அடி வளர்ந்து வீட்டுக்காரரை மிரட்டும். தொட்டிக்கு அடங்காமல் போனதும் பலர் அதைக் கொண்டுபோய் ஏரியில் விட்டு, அது நம் நீர்நிலைகளிலும் பெருகிவிட்டது தனிக் கதை. பிரிஸில்நோஸ் ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும். உடம்பில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகள். ஆண் வளர்ந்தால் மூக்கின் மேலேயும் நெற்றி வரையிலும் கிளை விட்ட, சதைப்பற்றான மீசைகள் முளைக்கும். பார்த்தால் தலையில் பவளச்செடி நட்டது போல இருக்கும். பெண்ணுக்கு அது இருக்காது. இருந்தாலும் மேலுதட்டு ஓரமாக ஒரு சின்ன வரிசை, அவ்வளவுதான்.

சரி, என் மீன்களுக்கு வருவோம். ஏழெட்டு மாதத்தில் ஒன்றுக்குத் தாடி வந்தது. அதற்குத் தாடிக்காரன் என்று பெயர் வைத்தோம். மற்றதற்கு உதட்டோரம் நாலைந்து முட்கள் மட்டும். அது அம்மணி. கொட்டாங்குச்சி ஒன்றில் வாசல் வெட்டி உள்ளே போட்டேன், ஏனென்றால் இந்த மீன் பொந்துக்குள்தான் முட்டை வைக்கும். வெள்ளரித்துண்டு, சுரைக்காய், வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றம் என்று புது மாப்பிள்ளை வீடு போலக் கவனித்தேன். ஒரு வருடம் ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரியில் மட்டும் கொட்டாங்குச்சி கண்ணாடியில் இடிக்கும் டொக் டொக் சத்தம். காலையில் பார்த்தால் அம்மணியின் வால் கிழிந்திருக்கும்.

காயம் ஆறட்டும் என்று அம்மணியை வேறு தொட்டிக்கு மாற்றினேன். இரண்டே மாதம். நெற்றி நடுவில் இரண்டு வரிசையாகத் தாடி முளைத்து, கிளையும் விட்டுவிட்டது.

கோபத்தோடுதான் அந்தக் கடைக்குப் போனேன். அவர் கோபப்படவே இல்லை. "சார், அந்த சைஸ்ல ஆணா பொண்ணான்னு கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார். "அப்புறம் ஏன்ணே ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பாத்தீங்க?" என்று கேட்டேன். "பாக்காம குடுத்தா கஸ்டமர் ஒத்துக்க மாட்டாங்களே" என்றார்.

அந்தப் பதிலை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கெளுத்தியில் ஆண், பெண்ணை முதலில் யார் பார்த்தார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள், அது சரியாக இருந்ததா என்று தேட ஆரம்பித்தது அப்படித்தான். தேடியதில் முதல் பக்கத்திலேயே டார்வின் உட்கார்ந்திருந்தார்.

1871இல் டார்வின் 'தி டிசென்ட் ஆஃப் மேன்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். குரங்கு, மனிதன் என்று அதைப் பற்றி ஊரெல்லாம் பேசினாலும், புத்தகத்தின் பெரும்பகுதி வேறொரு கேள்வியைப் பற்றியது: ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் ஏன் வேறு வேறு மாதிரி இருக்கின்றன? மயிலுக்கு ஏன் தோகை, மானுக்கு ஏன் கொம்பு? பெண் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது, அல்லது ஆண்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்பது அவருடைய பதில். பூச்சி முதல் பாலூட்டி வரை ஒவ்வொரு கூட்டமாக எடுத்து இந்தப் பதிலைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே போகிறார்.

மீன்கள் வரும் இடத்தில் ஒரு படம் போட்டிருக்கிறார். மேலே ஓர் ஆண் கெளுத்தியின் தலை, கீழே பெண்ணின் தலை. அன்றைக்கு அதன் பெயர் பிளிகோஸ்டோமஸ் பார்பேட்டஸ். தென் அமெரிக்க ஆற்று மீன். ஆணுக்கு வாயைச் சுற்றியும் செவுள் மூடியின் ஓரத்திலும் விறைப்பான முடிகள் தாடி போல இருக்கின்றன; பெண்ணிடம் அதன் தடயம்கூட அரிது என்கிறார். அடுத்து, அதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னோர் இனத்தைச் சொல்கிறார். அதில் ஆணின் தலை முன்பகுதியிலிருந்து மென்மையான, வளையக்கூடிய உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, பெண்ணுக்கு இல்லை. விவரிப்பைப் படித்ததும் எனக்குத் தாடிக்காரன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

டார்வினின் கண் எவ்வளவு கூர்மை என்று இங்கே பார்க்கலாம். இந்த இரண்டு தாடிகளும் ஒன்றல்ல என்று அவர் கவனிக்கிறார். முதலாவது செதிலின் இயல்புடையது, கடினமானது. இரண்டாவது தோலே நீண்டு வந்தது. பிறப்பு வேறு, ஆனால் வேலை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். அப்படியானால் என்ன வேலை? இங்கே மனிதர் மாட்டிக்கொள்கிறார். ஊகிப்பதே கடினம், இது அலங்காரமாக இருக்கும் என்று தோன்றவில்லை, அன்றாடப் பிழைப்புக்கு உதவுவதாக இருந்தால் ஆணுக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடுகிறார். மயில் தோகைக்கே விளக்கம் சொன்ன ஆள், ஒரு கெளுத்தியின் தாடியிடம் கையை விரித்துவிட்டார்!

காரணம் எளிது. மீன்களைப் பற்றிய தகவல்களுக்கு அவர் பெரிதும் நம்பியிருந்தது பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆல்பர்ட் குந்தரை. அங்கே இருந்தவை சாராயத்தில் ஊறிய மீன்கள். துடுப்புக் கதிரை எண்ணலாம், தகட்டை எண்ணலாம், தாடியை அளக்கலாம். ஆனால் தாடி வைத்த மீன் பொந்துக்குள் போய் என்ன செய்கிறது என்பது ஜாடியில் இல்லை. அதைப் பார்க்க மீன் உயிரோடு இருக்க வேண்டும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

டார்வின் இளைஞராக இருந்தபோது பீகிள் கப்பலில் சேகரித்த மீன்களில்கூட ஒரு குட்டிக் கெளுத்தி இருந்தது. அந்த மீன்களை விவரித்து எழுதியவர் லெனார்ட் ஜெனின்ஸ் என்ற பாதிரியார். (பீகிள் பயண வாய்ப்பு முதலில் இவருக்குத்தான் வந்தது, திருச்சபை வேலையை விட்டுப் போக முடியாது என்று மறுத்துவிட்டார். போகாத கப்பலில் வந்த மீன்களுக்கு உட்கார்ந்து பெயர் வைத்தார்.) 1842இல் அவர் பெயர் வைத்த அந்த மீன் இன்றைக்கு உலகம் முழுக்கக் கடைகளில் கிடைக்கும் பெப்பர்டு கோரிடோராஸ். கோரிடோராஸ் பலேட்டஸ் என்ற பெயரில்தான் நமக்குப் பழக்கம். 2024இல் அந்தப் பேரினத்தையே உடைத்துப் பல பேரினங்களாக்கிவிட்டார்கள். இந்த மீன் இப்போது ஹோப்லிசோமாவில் இருக்கிறது. நான் பழைய பெயரையே சொல்கிறேன், பழக்கதோஷம்.

ஜாடியிலிருந்து தொட்டிக்கு மீன் வந்த இடம் பாரிஸ். அங்கே பியர் கார்பொன்னியே என்பவர் அயல்நாட்டு மீன்களை வளர்த்து இனப்பெருக்கம் செய்துகாட்டுவதில் பேர்போனவர். சீனாவிலிருந்து வந்த பாரடைஸ் மீனை 1869இல் குஞ்சு பொரிக்க வைத்தவர். 1870களின் கடைசியில் இந்தக் கோரிடோராஸும் அவர் கையில் முட்டையிட்டது. மின்சார ஹீட்டர், காற்று மோட்டார் எதுவும் இல்லாத காலம். இந்த மீன் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரையே விரும்பும் என்பதால் அந்த வகையில் அவருக்கு அதிர்ஷ்டம். சென்னையில் மே மாதம் இதை வைத்துக்கொண்டு நான் படும் பாடு அவருக்கு இருந்திருக்காது.

கோரிடோராஸில் தாடி கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி மீசை. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கவாட்டில் பார்க்காதீர்கள், மேலிருந்து பாருங்கள் என்பது மீன் வளர்ப்பவர்களின் பாடம். வளர்ந்த பெண் மார்புத் துடுப்புக்குப் பின்னால் அகன்று, பானை மாதிரி இருக்கும். ஆண் சின்னது, ஒல்லி. வயிற்றுத் துடுப்பு ஆணுக்குக் கூராகவும் பெண்ணுக்கு விசிறி போல அகலமாகவும் இருக்கும். பலேட்டஸில் ஆணின் முதுகுத் துடுப்பும் சற்று உயரம். இத்தனையும் வளர்ந்த மீனுக்கு. இரண்டு சென்டிமீட்டர் குஞ்சை மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் ஒரே நெல்மணிதான்.

பெண்ணின் அந்த விசிறித் துடுப்புக்கு வேலை இருக்கிறது. முட்டையிடும்போது இரண்டு வயிற்றுத் துடுப்புகளையும் சேர்த்துக் கூடை போலப் பிடித்து, அதில் சில முட்டைகளை ஏந்திக்கொண்டு போய்க் கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டும். அதற்குச் சற்று முன்னால் ஆண் பக்கவாட்டில் திரும்பி நிற்க, பெண் அதன் வயிற்றில் வாயை வைத்துக்கொண்டு நிற்கும். ஆங்கில 'டி' எழுத்து மாதிரித் தெரியும். இந்தக் காட்சியைப் பார்க்காத கோரிடோராஸ் வளர்ப்பாளர் இல்லை. ஆனால் அதற்கு அர்த்தம் என்ன என்பதில் ஆளுக்கொரு கட்சி. பெண் விந்தை வாயில் எடுத்துப் போய்க் கண்ணாடியில் பூசுகிறது என்பார் ஒருவர். இல்லை, விந்து தண்ணீரில் கலந்து கூடைக்குப் போகிறது என்பார் இன்னொருவர்.

பஞ்சாயத்தைத் தீர்த்தவர்கள் ஜப்பான்காரர்கள். 1995இல் மசானோரி கோடாவும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது கோரிடோராஸ் ஈனியஸ், கடைகளில் 'பிரான்ஸ் கோரி' என்று விற்பது. ஆணின் வயிற்றில் வாய் வைத்திருக்கும் பெண்ணின் வாயருகே நீலச் சாயத்தை விட்டார்கள். சில நொடிகளில் சாயம் அதன் பின்பக்கத் துவாரம் வழியாக, முட்டை ஏந்திய கூடைக்குள் வந்து விழுந்தது. அதாவது பெண் விந்தைக் குடிக்கிறது. அது குடல் வழியாக ஓடி, செரிக்காமல், மறுபக்கம் வந்து முட்டையைச் சேர்கிறது. படித்ததும் நான் இரண்டாம் முறை படித்தேன். இந்த மீன் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கி, அதைக் குடல் வழியாகவே சுவாசித்து, பின்பக்கம் வெளியேற்றும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் குழாய் அதற்கு எவ்வளவு சகஜமான பாதை என்று புரியும். (இதே கோடாதான் பின்னாளில் ஒரு சின்னக் கடல் மீன் கண்ணாடியில் தன்னையே அடையாளம் காண்கிறது என்று சொல்லி இன்னொரு பெரிய சண்டையைத் தொடங்கிவைத்தார். அது வேறு பதிவு.)

ஜோடி விஷயத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு தடவை ஏந்தும் நாலைந்து முட்டைக்கும் தகப்பன் யார் என்பது உறுதி, ஏனென்றால் குடித்தது ஒரே ஆணிடம். ஆனால் அடுத்த தடவை அதே ஆணாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கோரிடோராஸ் கூட்டமாக வாழும், கூட்டமாக முட்டையிடும். ஒரு பெண்ணை நாலு ஆண் துரத்திக்கொண்டு போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதில் 'ஜோடி' என்பது கடையில் நாம் போடும் முடிச்சு.

பிரிஸில்நோஸ் வேறு ரகம். இங்கே பொந்து யாருடையதோ அவர்தான் மாப்பிள்ளை. ஆண் ஒரு பொந்தைப் பிடித்துச் சுத்தம் செய்து உட்காரும். பெண் வந்து ஆரஞ்சு நிற முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் எல்லாம் தகப்பன் பொறுப்பு. சாப்பாட்டைக்கூட மறந்து, துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரித்த குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள்கருப் பையோடு பொந்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

டார்வின் விட்டுப்போன கேள்விக்கு ஒரு பதில் இங்கிருந்துதான் வந்தது. 1999இல் மார்க் சபாஜ், ஜொனாதன் ஆம்ப்ரஸ்டர், லாரன்ஸ் பேஜ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். ஆணின் தலையில் உள்ள அந்தச் சதை மீசைகள் எதைப் போல இருக்கின்றன? பொந்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு நெளியும் குஞ்சுகளைப் போல! பல மீன் இனங்களில், ஏற்கனவே முட்டையைக் காவல் காக்கும் ஆணைத்தான் பெண் தேடிப் போகிறது என்பது தெரிந்த விஷயம். ஏற்கனவே ஒருத்தி நம்பி ஒப்படைத்திருக்கிறாள், அப்படியென்றால் இவன் பரவாயில்லை என்கிற கணக்கு. ஆனால் முதல் முட்டை வரும் வரை ஆணிடம் காட்ட என்ன இருக்கிறது? தலையிலேயே பொய்க் குஞ்சுகளை முளைக்க வைத்துக்கொண்டால்? "நான் பொறுப்பான தகப்பன், பார், என்னிடம் குஞ்சுகள் இருக்கின்றன." தாடி ஓர் விளம்பரப் பலகை.

இது கருதுகோள்தான், முடிந்த தீர்ப்பு இல்லை. ஆனால் எனக்குப் பிடித்த கருதுகோள். டார்வின் 'அலங்காரமாகத் தெரியவில்லை' என்று சொன்னது ஒருவிதத்தில் சரிதான். அது அழகுக்காக வைத்த தாடி இல்லை. அதே சமயம் பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சமாச்சாரம்தான் என்பதால் அவருடைய பெரிய கருத்துக்குள்ளேயே அடங்கியும் விடுகிறது. அவர் ஒரு கொட்டாங்குச்சிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இப்போது குஞ்சுக்கு வருவோம். தாடி தகப்பனுக்கான விளம்பரம் என்றால், தகப்பனாகும் வயது வராத குஞ்சுக்கு அது எதற்கு? வராது. கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த உதட்டில் பார்க்க எதுவுமே இல்லை. சிலர் மீனை மல்லாக்காகத் திருப்பி இனப்பெருக்கத் துவாரத்தைப் பார்ப்பார்கள். வளர்ந்த மீனில், பழகிய கண்ணுக்கு, அது ஓரளவு சொல்லும். குஞ்சில் அதுவும் சொல்லாது.

சரி, குரோமோசோம் பார்த்தால்? இங்கே இயற்கை இன்னொரு விளையாட்டு காட்டுகிறது. பிரிஸில்நோஸின் பேரினமான ஆன்சிஸ்ட்ரஸில் பிரேசில் ஆய்வாளர்கள் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தபோது, ஓர் இனத்தில் நம்மைப் போல எக்ஸ்-ஒய் முறை, அதாவது ஆணிடம் வேறுபட்ட ஜோடி. இன்னோர் இனத்தில் கோழியைப் போல இஸட்-டபிள்யூ முறை, வேறுபட்ட ஜோடி பெண்ணிடம். சிலவற்றில் இரண்டுக்கு மேற்பட்ட பால் குரோமோசோம்கள். ஒரே பேரினத்துக்குள்! நம் கடைத் தொட்டிகளில் இருப்பதோ பல தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்ந்த, மூதாதை யாரென்று உறுதியாகச் சொல்ல முடியாத மீன். அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனாலும் முதல் நாளே பதில் வந்துவிடாது.

அம்மணியின் கதையில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அது குஞ்சாக இருந்தபோது மட்டும் ஏமாற்றவில்லை, ஒன்றரை வயதிலும் ஏமாற்றியது. அடக்கி ஆளும் ஆண் ஒன்று பக்கத்தில் இருந்தால் மற்ற ஆண்களுக்குத் தாடி சரியாக வளர்வதில்லை என்று மீன் வளர்ப்பவர்கள் பலர் சொல்வார்கள். என் தொட்டியில் நடந்ததும் அதேதான். ஆக, தாடி இருந்தால் ஆண். அதில் சந்தேகமே இல்லை. தாடி இல்லையென்றால் பெண் என்று அர்த்தமில்லை, 'இன்னும் தெரியவில்லை' என்று அர்த்தம். நான் அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் ஒன்றரை வருடமாகத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒரு நிமிடம் தப்பாகச் சொன்னார், அதை நான் வருடக்கணக்கில் நம்பினேன்.

இது என் கொட்டாங்குச்சிச் சண்டையோடு போகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இதே கேள்வியில் ஓர் இனத்தின் எதிர்காலமே தொங்கிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு.

1980களில் பிரேசிலிலிருந்து புதுப் புதுக் கெளுத்திகள் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்தன. விஞ்ஞானிகள் பெயர் வைக்கும் வேகத்தைவிட வியாபாரிகள் அனுப்பும் வேகம் அதிகம். 1988இல் 'டாட்ஸ்' என்ற ஜெர்மன் மீன் வளர்ப்புப் பத்திரிகை இதற்கு ஒரு வழி செய்தது: பெயர் வரும்வரை நம்பர் கொடுப்போம். எல்001, எல்002 என்று. அதில் எல்046 என்ற நம்பரில் வந்த மீன்தான் எல்லோரையும் பைத்தியமாக்கியது. மூன்று அங்குலம். வெள்ளை உடம்பில் கறுப்புப் பட்டைகள், வரிக்குதிரையேதான். 1991இல் இஸ்ப்ரூக்கர், நைசன் என்ற இருவர் அதற்கு ஹைபன்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வெளிவந்தது 'இக்தியாலஜிகல் எக்ஸ்ப்ளோரேஷன் ஆஃப் ஃப்ரெஷ்வாட்டர்ஸ்' என்ற ஆய்விதழில்.

இந்த மீன் வாழ்வது ஷிங்கு ஆற்றில், அல்டமிரா நகருக்குக் கீழே 'வோல்டா கிராண்டி', பெரிய வளைவு என்று சொல்லும் பகுதியில், கிட்டத்தட்ட அங்கே மட்டும். பாறை இடுக்குதான் அதன் வீடு. அளவுக்கு மீறிப் பிடித்ததில் பிரேசில் அரசு 2000களில் அதை அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்து ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கடத்தல் தொடர்ந்தது. 2011இல் பெலோ மோன்டே அணைக் கட்டுமானம் தொடங்கியது. 2016இல் முதல் டர்பைன் சுழன்றது. ஆற்று நீரின் பெரும்பங்கை வாய்க்கால் வெட்டி மின்நிலையத்துக்குத் திருப்பிவிடுவதுதான் அதன் அமைப்பு. வளைவைச் சுற்றிப் போக வேண்டிய தண்ணீர் குறுக்கே போகிறது. நமக்குக் காவிரியில் வருடாவருடம் தெரிந்த வலிதான், அங்கே ஒரு மீனின் மொத்த வீடும் அந்த வளைவுக்குள்ளேயே இருக்கிறது. 2017இல் அந்த மீன் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலுக்கும், 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் இரண்டாம் பட்டியலுக்கும் வந்தது.

ஆக, ஜீப்ராவுக்கு இன்றைக்கு இன்னொரு வீடு உலகம் முழுக்க உள்ள தொட்டிகள். அங்கே அது பெருக வேண்டும். பெருக ஆணும் பெண்ணும் சேர வேண்டும். இந்த மீனுக்கோ டார்வின் சொன்ன இரண்டாவது வகைத் தாடி இல்லை, முதல் வகைதான்: செவுள் ஓரத்தில் கடினமான முட்கள். ஆணுக்கு நீளம், பெண்ணுக்கும் கொஞ்சம் உண்டு. ஆணின் மார்புத் துடுப்பின் முதல் கதிர் சொரசொரப்பாக இருக்கும், தலை மேலிருந்து பார்த்தால் அகலம். எல்லாமே 'கொஞ்சம் அதிகம், கொஞ்சம் கம்மி' ரகம். அதுவும் தெரிய இரண்டு வருடமாவது ஆகும். ஒரு தடவைக்கு இடும் முட்டையோ பத்து, பதினைந்து. கோரிடோராஸ் போல நூற்றுக்கணக்கில் இல்லை.

இதை வைத்துக் கடையில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். வாங்குகிறவர் 'உறுதியான ஜோடி' கேட்கிறார். உறுதி சொல்ல முடிவது வளர்ந்த மீனில் மட்டும். தொட்டியில் பிறந்த மீனை அந்த வயது வரை வளர்க்க வருடக்கணக்கில் சோறு போட வேண்டும். ஆற்றில் பிடித்த வளர்ந்த மீனுக்கு அந்தச் செலவு இல்லை. அவசரப்படுகிறவரின் பணம் எந்தப் பக்கம் போகும்? இது என் ஊகம்தான். ஆனால் குஞ்சாக வாங்கிக் காத்திருக்கிறவர் கூடினால் ஷிங்குவில் ஒரு வலையாவது குறையும் என்று நம்புகிறேன்.

எத்தனை குஞ்சு வாங்குவது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. ஆணும் பெண்ணும் சரிபாதி பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாங்கினால் ஜோடி அமைய வாய்ப்பு பாதி. நாலு வாங்கினால் எட்டுக்கு ஏழு. ஆறு வாங்கினால் 32க்கு 31. வலையில் எடுத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதைவிட நல்ல கணக்கு குஞ்சில் கிடையாது.

நானும் அப்புறம் நாலு குஞ்சு வாங்கி, தாடிக்காரனிடமிருந்து பிரித்துத் தனியாக வளர்த்தேன். ஒன்று பெண்ணாக நின்றது. இந்த முறை தாடி இல்லாததை வைத்து நம்பவில்லை. வயிறு நிறைந்து, சினை தோல் வழியாக ஆரஞ்சாகத் தெரிந்த பிறகுதான் நம்பினேன். போன ஆடியில் கொட்டாங்குச்சிக்குள் முட்டை. தாடிக்காரன் பத்து நாள் வெளியே வரவில்லை. குஞ்சுகள் சுவரில் வாலை ஆட்டிக்கொண்டிருக்க, அவன் தலை மீசைகளும் அதோடு ஆடின. டார்ச் அடித்துப் பார்த்தபோது எது குஞ்சு, எது தாடி என்று ஒரு கணம் எனக்கே குழம்பியது.

அவை ஒரு அங்குலம் வந்ததும் மாடி வீட்டுப் பையன் வந்தான். ஏழாவது படிக்கிறான். "அங்கிள், எனக்கு ஒரு ஜோடி குடுப்பீங்களா?" என்று கேட்டான். நான் வலையை விட்டு ஒன்றை எடுத்து, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

ஆறு குஞ்சைப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவன் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "ஆறா? ரெண்டுன்னு சொன்னானே" என்றார். பெரிதானதும் மிச்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டோ அனுப்புகிறான். போன வாரம் ஒன்றின் மூக்கில் இரண்டு புள்ளி. "அங்கிள், இது தாடியா?" என்று கேட்டிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளியாகவும் இருக்கலாம், கண்ணாடியில் ஒட்டிய பாசியாகவும் இருக்கலாம். "இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாம்டா" என்று பதில் போட்டேன்.